மரத்தார்: வட ஐரோப்பாவில் மரத்தைக் காத்த இயற்கைப் பொருளின் வரலாறு

மரத்தார் என்பது பைன் முதலிய பிசின் மிகுந்த ஊசியிலை மரங்களின் வேரையும் அடிக்கட்டையையும் காற்று அதிகம் புகாதபடி மூடிச் சூடேற்றும்போது வடியும் கருமையான, பிசுபிசுப்பான நீர்மம் ஆகும். இன்று சாலை போடப் பயன்படும் தார் பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. மரத்தார் அதனின்று முற்றிலும் வேறானது. தமிழில் இத்தகைய பொருட்களைக் குறிக்கக் கீல் என்ற பழைய சொல் உண்டு. நோர்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வீடு, தேவாலயம், படகு, கப்பற்கயிறு ஆகியவற்றை மழையிலிருந்தும் மட்குதலிலிருந்தும் காக்க இது பூசப்பட்டு வந்தது.

19ஆம் நூற்றாண்டில் நிலக்கரித் தாரும், 20ஆம் நூற்றாண்டில் ஆர்செனிக் கலந்த உப்புகளும் மரத்தாரின் இடத்தைப் பிடித்தன. அந்தப் புதிய பொருட்களின் நச்சுத்தன்மை தெரியவந்தபின் மரத்தார் மீது மீண்டும் கவனம் திரும்பியது. ஆனால், அதற்குள் நல்ல தார் எடுக்கும் கைத்திறன் பெரும்பாலும் மறைந்துவிட்டிருந்தது. மரத்தைக் காத்தது தார் என்ற பொருள் மட்டுமன்று. அதை எடுக்கும் முறையும், உரிய காலத்தில் மீண்டும் மீண்டும் பூசும் வழக்கமும் சேர்ந்தே மரத்தைக் காத்தன என்பதை இந்த வரலாறு காட்டுகிறது.

மரம் அழியும் முறை

வெட்டிய மரம் தானாக மட்குவதில்லை. மரத்திலுள்ள செல்லுலோசு, லிக்னின் ஆகியவற்றை உணவாகக் கொள்ளும் பூஞ்சைகளே அதை மட்கச் செய்கின்றன. பூஞ்சை வளர்வதற்கு ஈரம், காற்று, மிதமான வெப்பம் ஆகிய மூன்றும் தேவை. மரத்தின் ஈரப்பதம் அதன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மட்கச் செய்யும் பூஞ்சைகள் வளர்வதில்லை. வறண்ட கல்லறைகளில் வைக்கப்பட்ட எகிப்திய மரப்பெட்டிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கெடாமல் இருந்ததற்கு இதுவே காரணம். பூஞ்சையைத் தவிரக் கறையான், துளைக்கும் வண்டுகள், கடல்நீரில் வாழும் கப்பற்புழு ஆகியவையும் மரத்தை அழிக்கின்றன.

ஆகவே மரத்தைக் காக்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மரத்துக்குள் நீர் நுழையாமலும் நுழைந்த நீர் விரைவில் வெளியேறும்படியும் பார்த்துக்கொள்வது. மற்றொன்று, மரத்தையே பூஞ்சைக்கும் பூச்சிக்கும் நஞ்சாக்கிவிடுவது. மரத்தார் பெரும்பாலும் முதல் வழியைச் சேர்ந்தது. உயிருள்ள பைன் மரத்தில் காயம் பட்டால் அவ்விடத்தில் பிசின் ஊறி, காயத்தை மூடி, நீரையும் பூஞ்சையையும் தடுக்கிறது. அந்தப் பிசினைப் பிரித்தெடுத்து, வெட்டிய மரத்தின் மேல் பூசுவதே தார் பூசுதலின் அடிப்படை.

தார் எடுக்கும் முறை

பைன் மரம் வெட்டப்பட்டுச் சில ஆண்டுகள் ஆனபின் அதன் அடிக்கட்டையில் வெளிப்பகுதி மட்கிவிடும். பிசின் ஊறிய நடுப்பகுதியும் வேரும் கெடாமல் நிற்கும். இவற்றைத் தோண்டியெடுத்து, பிளந்து, உலர்த்திச் சூளையில் அடுக்கினர். பின்லாந்தில் வேறொரு முறையும் பரவலாக இருந்தது. உயிருடன் நிற்கும் இளம் பைன் மரத்தின் பட்டையை ஆண்டுக்குச் சிறிதாக உரித்து, வடபுறத்தில் மட்டும் ஒரு கீற்றை விட்டுவைப்பர். மரம் இறந்துவிடாமல், காயத்தை மூடுவதற்காக அடிமரம் முழுவதும் பிசினைச் சுரக்கும். இவ்வாறு சுமார் 4 ஆண்டுகள் சென்றபின் மரம் வெட்டப்படும்.

தார்ச்சூளை புனல் வடிவக் குழியாகும். மண்மேட்டின் சரிவில் குழி வெட்டி, அதன் உட்புறத்தில் களிமண்ணோ மரப்பட்டையோ பரப்பி, அடியில் ஒரு மரக்குழாய் பொருத்துவர். குழாயின் மறுமுனை சரிவின் கீழே பீப்பாய் வைக்கும் இடத்தில் முடியும். பிளந்த கட்டைகளைக் குழியின் நடுவை நோக்கிச் சாய்வாக அடுக்கி, மேலே புல்கரண், பாசி, மண் ஆகியவற்றால் மூடி, ஓரங்களில் தீ மூட்டுவர். தீ கொழுந்துவிட்டு எரியக்கூடாது; உள்ளே கனன்றுகொண்டே இருக்க வேண்டும். எங்கேனும் சுடர் கிளம்பினால் உடனே மண்ணிட்டு அடைப்பர். பெரிய சூளைகள் ஒரு வாரத்துக்கும் மேலாக எரிந்தன. அந்நாட்கள் முழுவதும் இரவு பகலாக ஆட்கள் காவல் இருந்தனர்.

வெப்பம் மெதுவாகக் கீழ்நோக்கி இறங்கும்போது பிசின் உருகி வடிகிறது. மரமும் சிதைந்து பல சேர்மங்களாகப் பிரிகிறது. இப்படிக் கிடைக்கும் தாரில் பிசின் அமிலங்கள், டெர்ப்பீன்கள், குவையக்கால் போன்ற பீனால் வகைச் சேர்மங்கள் ஆகியவை உள்ளன. பிசின் அமிலங்கள் மரத்தின் மேற்பரப்பில் இறுகி நீரை விலக்குகின்றன. பீனால்கள் பூஞ்சையையும் நுண்ணுயிர்களையும் ஓரளவு தடுக்கின்றன. சூடு மிகுந்தால் பிசின் அமிலங்கள் சிதைந்து தாரின் தன்மையே மாறிவிடும். எனவே மெதுவாக எரித்த தாருக்கும் விரைந்து எரித்த தாருக்கும் பெயர் ஒன்றாக இருந்தாலும் குணம் வேறு.

வைக்கிங் காலம்

சுவீடனில் நடந்த அகழாய்வுகளில் கிடைத்த புனல் வடிவக் குழிகளில் பல பழங்காலத் தார்ச்சூளைகள் என அறியப்பட்டுள்ளன. உப்சாலாவைச் சேர்ந்த தொல்லியலாளர் ஆந்திரியாஸ் ஹென்னியஸ் 2018இல் வெளியிட்ட ஆய்வு இவற்றின் கால வரிசையைத் தொகுத்துக் காட்டியது. கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் சூளைகள் சிறியவையாகவும் குடியிருப்புகளுக்கு அருகிலும் இருந்தன. வீட்டுத் தேவைக்கே தார் எடுக்கப்பட்டது. 8ஆம் நூற்றாண்டு முதல் சூளைகள் பெரிதாகி, ஊரை விட்டு நீங்கிக் காட்டுக்குள் சென்றன. பெரிய குழியொன்றில் ஒருமுறை எரித்தால் 300 லிட்டர் வரை தார் கிடைத்திருக்கலாம் என்று அவ்வாய்வு கணித்தது.

இந்த மாற்றம் வைக்கிங்குகளின் கடற்பயணங்கள் பெருகிய காலத்தோடு பொருந்துகிறது. அவர்களுடைய கப்பல்களில் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு ஏறியவாறு அடுக்கி ஆணியடிக்கப்பட்டன. பலகைகளின் இடைவெளியில் தாரில் தோய்த்த ஆட்டு உரோமத் திரியை வைத்து அடைத்தனர். கப்பலின் வெளிப்புறத்திலும் தார் பூசினர். தொலைதூரக் கடலோட்டம் பெருகப் பெருகத் தாரின் தேவையும் பெருகியது. இவ்வாறு வீட்டுத் தேவைக்கான கைவேலையாக இருந்த தாரெடுப்பு, காட்டையும் பெரும் ஆள்பலத்தையும் வேண்டும் தொழிலாக மாறியது.

மரத்தூண் தேவாலயங்கள்

மரத்தாரின் ஆற்றலுக்கு மிகச் சிறந்த சான்று நோர்வேயின் ஸ்டேவ் தேவாலயங்கள். செங்குத்தான மரத்தூண்களையும் பலகைகளையும் கொண்டு கட்டப்பட்ட இத்தகைய தேவாலயங்கள் இடைக்காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்படுகிறது. இன்று நோர்வேயில் 28 மட்டுமே எஞ்சியுள்ளன. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த உர்னெஸ் தேவாலயம் 1979இல் யுனெஸ்கோவின் உலக பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டது. அதன் வடபுறச் சுவரில், அதற்கும் முந்தைய 11ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றின் செதுக்கு வேலைகள் மீண்டும் பயன்படுத்தப்பட்டுள்ளன. 1180ஐ ஒட்டிக் கட்டப்பட்ட போர்குண்ட் தேவாலயம், தூண்களும் மர ஓடுகள் வேய்ந்த அடுக்குக் கூரைகளும் பெரிதும் மாறாமல் இன்றும் நிற்கிறது.

இவை நிலைத்ததற்கு முதற்காரணம் கட்டுமான முறை. இவற்றுக்கு முந்தைய மரத் தேவாலயங்களில் தூண்கள் நேரடியாக மண்ணில் நடப்பட்டன. மண்ணின் ஈரத்தால் தூணின் அடி சில பத்தாண்டுகளில் மட்கியது. பிற்காலத் தச்சர்கள் முதலில் கல் அடித்தளம் அமைத்து, அதன்மேல் கிடைமட்ட உத்தரங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் தூண்களை நிறுத்தினர். மரம் மண்ணைத் தொடவில்லை. செங்குத்துக் கூரை மழைநீரையும் பனியையும் விரைவில் வழித்துவிட்டது. பிசின் செறிந்த பைன் வைரமே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் தார். கோடையில், வெயிலில் மரம் நன்கு உலர்ந்திருக்கும் நாட்களில், தாரைச் சூடாக்கிச் சுவரிலும் கூரை ஓடுகளிலும் பூசினர். சூடான தார் மரத்துக்குள் சிறிது ஊறி, மேலே ஒரு படலமாகவும் நின்றது. வெயிலும் மழையும் இந்தப் படலத்தைச் சிறிது சிறிதாக அரித்தன. குறிப்பாக வெயில் அதிகம் படும் தென்புறச் சுவர்கள் விரைவில் வெளுத்தன. ஆனால் அரிக்கப்பட்டது தார்தானே தவிர மரம் அன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய பூச்சு இடப்பட்டதால் அடியிலிருந்த மரம் பல நூறு ஆண்டுகள் வெயிலையும் மழையையும் நேரடியாகச் சந்திக்கவில்லை. இப்பணியைத் தலைமுறை தலைமுறையாக அந்தந்த ஊர் மக்களே கவனித்து வந்தனர்.

கடற்படைகளுக்கான தார்

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய, டச்சுக் கடற்படைகளும் வணிகக் கப்பல்களும் பெருகியபோது தார் ஒரு போர்க்காலப் பொருளாயிற்று. பலகைகளின் இணைப்புகளை அடைக்கவும், பாய்மரக் கயிறுகள் நனைந்து மட்காமல் காக்கவும் ஒவ்வொரு கப்பலுக்கும் பெருமளவில் தார் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுத் துறைமுகங்களில் கலப்பற்று எனப்பட்ட இந்த இணைப்படைப்பு வேலை இல்லாமல் எந்த மரக்கலமும் கடலில் இறங்க முடியாது. ஆங்கில மாலுமிகளுக்கு ‘ஜாக் டார்’ என்ற பட்டப்பெயர் வழங்குவதற்கும் அவர்கள் உடையிலும் கையிலும் ஒட்டியிருந்த தாருடன் தொடர்பு உண்டு.

அன்றைய சுவீடன் பேரரசில் இன்றைய பின்லாந்தும் அடங்கியிருந்தது. தாரின் பெரும்பகுதி பின்லாந்துக் காடுகளிலிருந்தே வந்தது. ஆனால், போத்னியா வளைகுடாக் கரையிலிருந்த ஊர்கள் வெளிநாட்டோடு நேரடியாக வணிகம் செய்ய முடியவில்லை. சரக்கு முழுவதும் தலைநகரான ஸ்டாக்ஹோம் வழியாகவே செல்ல வேண்டியிருந்தது. 1648இல் தார் ஏற்றுமதியின் தனியுரிமை ஒரு நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. இதனால்தான் பின்லாந்து உழவர்கள் எடுத்த தாருக்கு உலகச் சந்தையில் ‘ஸ்டாக்ஹோம் தார்’ என்று பெயர் வந்தது. 1765இல் இக்கட்டுப்பாடு நீக்கப்பட்டு, ஓலு உள்ளிட்ட துறைமுகங்கள் நேரடி ஏற்றுமதி உரிமை பெற்றன.

தனியுரிமை பெற்ற நிறுவனம் விலையையும் அளவையும் தானே முடிவு செய்தது இங்கிலாந்துக்குப் பெரும் நெருக்கடியைத் தந்தது. ரஷ்யாவுக்கும் சுவீடனுக்கும் 1700இல் போர் தொடங்கியபின் வரத்து மேலும் சுருங்கியது. இதற்கு மாற்றாக 1705இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அமெரிக்கக் குடியேற்றங்களிலிருந்து வரும் தாருக்கு டன் ஒன்றுக்கு 4 பவுண்டு ஊக்கத்தொகை அறிவித்தது. கரோலினாவின் பைன் காடுகளில் தார்ச்சூளைகள் பெருகின. வட கரோலினா மாநில மக்களுக்கு இன்றும் வழங்கும் ‘தார் ஹீல்’, அதாவது தார் ஒட்டிய குதிகால், என்ற பட்டப்பெயர் இத்தொழிலோடு தொடர்புடையது.

ஆயினும் அமெரிக்கத் தார் மீது கயிறு திரிப்போர் குறை கூறினர். அங்கே காட்டில் காய்ந்து விழுந்து கிடந்த பைன் கட்டைகளைப் பொறுக்கி, அதிகச் சூட்டில் விரைவாக எரித்துத் தார் எடுத்தனர். அந்தத் தார் கயிற்றின் நாரை அரித்துவிடுகிறது என்பதே புகார். பின்லாந்தில் செய்வதுபோல், பட்டை உரித்துப் பதப்படுத்திய பச்சை மரத்திலிருந்து எடுத்த தாருக்கே ஊக்கத்தொகை தர வேண்டும் என்ற நிபந்தனையும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது. எடுக்கும் முறையே தாரின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்பதை அரசே ஏற்ற நிகழ்வு இது.

உழைத்தவர்கள் நிலை

பின்லாந்தின் உட்பகுதியான கைனூவில் மண்ணும் தட்பவெப்பமும் உழவுக்கு உகந்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதி மக்களுக்குக் காசு தந்த பொருள் தார் ஒன்றே. கோடையில் எரித்த தாரைப் பீப்பாய்களில் நிரப்பி, சுமார் 12 முதல் 14 மீட்டர் நீளமுள்ள ஒடுங்கிய படகுகளில் ஏற்றி, ஏரிகளையும் ஓலு ஆற்றின் கொந்தளிக்கும் ஆற்றுப்பாய்ச்சல்களையும் கடந்து ஓலு துறைமுகத்துக்குக் கொண்டுசென்றனர். ஆபத்தான பாய்ச்சல்களில் படகைச் செலுத்துவதற்கென்றே அனுபவமிக்க வழிகாட்டிகள் இருந்தனர். திரும்பும் வழியில் மாவும் உப்பும் ஏற்றி, ஆற்றை எதிர்த்துத் துடுப்பும் கழியும் போட்டு ஊர் வந்து சேர்ந்தனர்.

ஓலு உலகின் முதன்மையான தார் ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்றாக வளர்ந்தது. ஆனால் செல்வம் துறைமுக வணிகர்களிடமே தங்கியது. உழவர்கள் வணிகர்களிடம் முன்கூட்டியே மாவும் உப்பும் கடனாகப் பெற்று, மறு ஆண்டுத் தாரைக் கொண்டு அதை அடைத்தனர். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் கடன் ஏறியது. பல ஆண்டுகள் வளர்த்த மரம், உரித்தல், எரித்தல், படகுப் பயணம் என நீண்ட இந்த உழைப்பின் விலையை நிர்ணயிப்பதில் அவர்களுக்குப் பங்கில்லை.

கிரிமியப் போரின்போது, 1854 கோடையில், பிரித்தானியக் கடற்படைப் பிரிவொன்று போத்னியா வளைகுடாவுக்குள் நுழைந்து ராஹே, ஓலு ஆகிய ஊர்களில் இருந்த தார், மரக்கட்டை, கப்பல்கள் ஆகியவற்றை எரித்தது. பின்லாந்து அப்போது ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்ததே காரணம். பிரித்தானியக் கப்பல்களுக்கு வழக்கமாகச் சென்றுவந்த தாரைப் பிரித்தானியப் படையே கொளுத்தியது. இச்செயலுக்கு இங்கிலாந்திலேயே கண்டனம் எழுந்தது. குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஜோசப் ஸ்டர்ஜ் 1856இல் பின்லாந்து சென்று நிலைமையை நேரில் கண்டார். அதன்பின் பாதிக்கப்பட்ட மக்களுக்காக இங்கிலாந்தில் நிதி திரட்டப்பட்டது.

இந்தியப் பெருங்கடல் கரைகளில்

பைன் காடுகள் இல்லாத வெப்பமண்டலக் கடற்கரைகளில் இதே வேலையை வேறு இயற்கைப் பொருட்கள் செய்தன. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பயணம் செய்த மார்க்கோ போலோ, ஓர்முசு துறைமுகத்துக் கப்பல்கள் தென்னை நார்க்கயிற்றால் தைக்கப்பட்டிருந்ததையும், அவற்றில் தாருக்குப் பதிலாக மீன் எண்ணெய் தேய்க்கப்பட்டதையும் குறிப்பிடுகிறார். இந்தியாவுக்கு வந்த சீனக் கப்பல்களில் சுண்ணாம்பு, நறுக்கிய சணல் நார், மர எண்ணெய் ஆகியவற்றை இடித்துக் கலந்து பூசினர் என்றும் எழுதினார்.

தமிழ்நாடு, கேரளக் கடற்கரைகளில் சுறா எண்ணெய், மத்தி எண்ணெய், புன்னை எண்ணெய் ஆகியவை படகுகளுக்குப் பூசப்பட்டன. குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இணைப்புகளை அடைத்தனர். போர்த்துகீசியர் வழியாக முந்திரி மரம் வந்தபின் அதன் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயும் இப்பட்டியலில் சேர்ந்தது. மரத்தாரைப் போலவே முந்திரி ஓட்டு எண்ணெயிலும் பீனால் வகைச் சேர்மங்கள் மிகுதி. கட்டுமரத்தைக் கரையேற்றியதும் கட்டவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் உலரவிடும் வழக்கமும் மரப்பாதுகாப்பே. பொருள் ஊருக்கு ஊர் மாறினாலும், ஈரத்தை விலக்குதல், அடிக்கடி பூசுதல் என்ற அடிப்படை எங்கும் ஒன்றாகவே இருந்தது.

நிலக்கரித் தாரும் நச்சு உப்புகளும்

இருப்புப்பாதையும் தந்திக் கம்பங்களும் வந்தபின் நிலைமை மாறியது. தண்டவாளத்தைத் தாங்கும் மரக்கட்டைகள் ஈரமண்ணில் கிடந்தன. ஆண்டுதோறும் அவற்றுக்குத் தார் பூசுவது நடக்கக்கூடிய காரியமன்று. 1832இல் ஜான் ஹோவர்ட் கயான் பாதரசக் குளோரைடுக் கரைசலில் மரத்தை ஊறவைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1838இல் ஜான் பெத்தெல் என்பவர் மரத்தை இரும்பு உருளைக்குள் அடைத்து, காற்றை உறிஞ்சி நீக்கி, நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் கிரியோசோட்டு எண்ணெயை அழுத்தத்தால் உட்செலுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எண்ணெய் மேற்பரப்போடு நிற்காமல் மரத்துக்குள் ஆழமாகச் சென்றதால் கட்டைகள் பல பத்தாண்டுகள் உழைத்தன. உலகெங்கும் இருப்புப்பாதைகள் இம்முறையை ஏற்றன.

அடுத்த பெரிய மாற்றம் இந்தியாவில் நிகழ்ந்தது. டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம் 1933இல் செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகிய மூன்றின் சேர்மங்களும் கலந்த ஒரு கரைசலை உருவாக்கினார். செம்பு பூஞ்சையையும், ஆர்செனிக் பூச்சிகளையும் செம்பைத் தாங்கும் பூஞ்சைகளையும் தடுத்தன. குரோமியம் மற்ற இரண்டையும் மரத்தோடு பிணைத்து மழையில் கரைந்துபோகாமல் நிறுத்தியது. கறையான் மிகுந்த நாடுகளில் விரைவில் அழியும் மலிவான மரங்களையும் கம்பமாகவும் தூணாகவும் பயன்படுத்த இது வழி செய்தது. 20ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உலகில் மிகப் பரவலாகப் பயன்பட்ட மரப்பாதுகாப்புப் பொருட்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

ஆனால் காலப்போக்கில் இதன் மறுபக்கம் வெளிப்பட்டது. பதப்படுத்திய மரத்திலிருந்து சிறிதளவு ஆர்செனிக் கசிந்து மண்ணில் சேர்வதும், குழந்தைகள் விளையாடும் மரச்சாதனங்களின் மேற்பரப்பிலிருந்து கையில் ஒட்டுவதும் அறியப்பட்டன. அத்தகைய மரத்தை எரித்தால் சாம்பலில் ஆர்செனிக் தங்கியது. ஆர்செனிக் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள். அமெரிக்காவில் 2003 இறுதியோடு வீட்டுப் பயன்பாட்டு மரங்களுக்கு இதைச் செலுத்துவது பெரும்பாலும் நிறுத்தப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2004 முதல் கடுமையான கட்டுப்பாடு விதித்தது. கிரியோசோட்டும் புற்றுநோய் அபாயம் காரணமாகப் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டது. பராமரிப்பைத் தேவையற்றதாக்கிய அதே நிலைப்புத்தன்மை, மரத்தின் பயன் முடிந்தபின் அதை என்ன செய்வது என்ற சிக்கலாக மாறியது.

இழந்த கைத்திறனை மீட்டல்

மரத்தாரின் தேவை குறைந்தபோது மண்சூளைகளும் ஒவ்வொன்றாக நின்றன. 20ஆம் நூற்றாண்டில் விற்பனைக்குக் கிடைத்த மரத்தார் பெரும்பாலும் இரும்பு உலைகளில் எடுக்கப்பட்டது. ஸ்டேவ் தேவாலயங்களுக்கு இப்படிக் கிடைத்த தாரைப் பூசியபோது எதிர்பார்த்த பலன் எப்போதும் கிடைக்கவில்லை. சில பூச்சுகள் வெயிலில் இளகி வழிந்தன; சில விரைவில் கழுவப்பட்டன. பழைய பெயர் தாங்கிய பொருள் கையில் இருந்தும் பழைய தார் இல்லை என்ற நிலை ஏற்பட்டது.

இதனால் நோர்வேயில் தார் பற்றிய ஆய்வுகள் தொடங்கின. வெவ்வேறு சூளைகளின் தாரைப் பிரித்துப் பார்த்து, எரிக்கும் முறை, வெப்பநிலை, வடிந்த நேரம் ஆகியவை தாரின் சேர்க்கையை எவ்வாறு மாற்றுகின்றன என்று ஆராய்ந்தனர். ஸ்டேவ் தேவாலயங்களில் தார் பூசும் பராமரிப்பு பற்றி இங்கர் மாரி எகன்பர்க் 2003இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை வெளியிட்டார். நோர்வேயின் பண்பாட்டு மரபு இயக்ககம் 2001 முதல் 2015 வரை நடத்திய திட்டத்தில் 28 தேவாலயங்களும் பழுதுபார்க்கப்பட்டன. மண்சூளைத் தாரைப் பழைய முறையில் எடுக்கத் தெரிந்தவர்களின் அறிவு இம்முயற்சிகளுக்கு மீண்டும் தேவைப்பட்டது. ஏட்டறிவால் மட்டும் சூளையின் புகையைப் பார்த்து உள்ளிருக்கும் சூட்டை அறிய முடியாது.

வரம்புகள்

மரத்தார் எல்லா இடத்துக்கும் பொருந்தும் தீர்வு அன்று. மண்ணில் புதையும் கம்பத்துக்கு அது போதுமான பாதுகாப்புத் தருவதில்லை. வெப்பக் கடல்களில் கப்பற்புழுவை அதனால் முழுமையாகத் தடுக்க முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடற்படைகள் கப்பலின் அடியில் செப்புத் தகடு வேய்ந்தது இதனாலேயே. தார் ஊறிய மரம் எளிதில் தீப்பற்றும். பெர்கன் நகருக்கு அருகிலிருந்த ஃபாந்தோஃப்ட் தேவாலயம் 1992இல் தீவைக்கப்பட்டபோது முழுவதும் எரிந்து சாம்பலாயிற்று. பின்னர் அது புதிதாகக் கட்டப்பட்டது.

இயற்கையான பொருள் என்பதாலேயே அது தீங்கற்றது என்றும் கொள்ள முடியாது. மரத்தாரில் உடல்நலத்துக்குக் கேடான பல்வளைய ஐதரோகார்பன்களும் சிறிதளவு இருக்கலாம். அதிகச் சூட்டில் எரித்த தாரில் இவை கூடுதலாகவும், மெதுவாக எரித்த தாரில் குறைவாகவும் இருக்கும். இங்கும் முடிவு செய்வது எடுக்கும் முறையே. பூசுவோர் கையுறை அணிவதும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்வதும் அவசியம்.

இவ்வரம்புகளுக்கு உட்பட்டு, மரத்தார் இன்றும் நோர்டிக் நாடுகளில் மரப்படகுகள், பழைய வீடுகள், மர ஓட்டுக் கூரைகள் ஆகியவற்றுக்குப் பயன்படுகிறது. போர்குண்டின் சுவர்களும் கூரைகளும் கட்டப்பட்ட காலத்திலிருந்து எத்தனையோ முறை தார் பூசப்பட்டவை. ஒவ்வொரு பூச்சும் சில ஆண்டுகளே நின்றது. அதன் அடியிலிருந்த மரம் எட்டு நூற்றாண்டுகளைக் கடந்துள்ளது.